ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஒரு பாத்திரம்: பேட், 1990 முதல் நம் பேருந்து வரை

வாசகர் கேள்வி, ஜூன் 3

அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியான சாட்டர்டே நைட் லைவில் வந்த, ஆணா பெண்ணா என்றே தெரியாத ‘பேட்’ பாத்திரத்தை ஆங்கிலத்தில் மட்டும்தான் செய்ய முடியும் என்கிறேன். தமிழில் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடுகிறதே. வந்தான், வந்தாள் என்றதும் ஆட்டம் முடிந்தது. மேடைக்கு ஐந்து நிமிட ஸ்கெட்ச் ஒன்று எழுதிப் பார்த்து, இரண்டாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். வழி உண்டா?

ஜூன் 3, இரவு 9.40

உண்டு. அதற்கு முன் பேட் எப்படி ஓடியது என்று பார்த்துவிடலாம். பலரும் அதை உடையாலும் விக்காலும் ஆன விஷயமாக நினைக்கிறார்கள். பாதி வேலைதான் அது.

பேட்டாக நடித்த ஜூலியா ஸ்வீனி லாஸ் ஏஞ்சலஸின் கிரவுண்ட்லிங்ஸ் நகைச்சுவைக் குழுவிலிருந்து 1990இல் சாட்டர்டே நைட் லைவுக்கு வந்தார், 1994 வரை இருந்தார். நடிப்புக்கு முன் கணக்காளர் வேலை. உடன் வேலை பார்த்த ஒருவரின் உடல்மொழியை நடித்துக் காட்டப் போய்த்தான் பேட் பிறந்தது. முதலில் அதை ஆணாகவே நடிக்கப் பார்த்தார். ஆண் என்று நம்பும்படி வரவில்லை. அந்தக் குறையை மறைக்க, இவர் ஆணா பெண்ணா தெரியவில்லை என்று ஒரே ஒரு ஜோக்கைச் சேர்த்தார். அந்த ஒரு ஜோக்கே பிறகு முழு ஸ்கெட்ச்சாக வளர்ந்தது.

இதில் எழுதுகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. பேட்டிடம் ரகசியம் எதுவும் கிடையாது. மறைப்பதும் இல்லை, மழுப்புவதும் இல்லை. கேட்டதற்கு நேராக, முழுசாகப் பதில் சொல்கிற ஆள். கேட்டவருக்கு வேண்டிய தகவல் மட்டும் அந்தப் பதிலில் இருக்காது. உங்கள் பிரதியில் பாத்திரம் எங்காவது நழுவிப் பேசியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். நழுவினால் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார், பார்வையாளர் துப்பறியத் தொடங்கிவிடுவார்கள்.

ஜூன் 4, காலை 7.15

வேறு வகைகளோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க மூன்றாகப் பிரிக்கிறேன்.

மாற்றுப்பால் வேடம்: வேடம் என்று எல்லோருக்கும் தெரியும். நம் நாடகக் கம்பெனிகளில் ஆண்கள் பெண் வேடம் கட்டிய ஸ்திரீபார்ட் இந்த வகை. பிரிட்டனின் மான்டி பைதான் நகைச்சுவைக் குழு ஆண்கள் கீச்சுக் குரலில் நடித்த கிழவிகளும் இதே வகைதான்.

ஆள்மாறாட்டம்: பார்வையாளருக்குத் தெரியும், கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவ்வை சண்முகி (1996) இது.

தெளிவின்மை: யாருக்கும் தெரியாது. கதைக்குள்ளும் தெரியாது, அரங்கத்திலும் தெரியாது. பேட் இது.

மூன்றாவதில் பார்வையாளருக்கு மேலான இடம் கிடையாது. கேள்வி கேட்டுத் தவிக்கும் பாத்திரத்தோடு சேர்ந்து அவர்களும் தவிக்க வேண்டும். அதனால்தான் இந்த வகை அபூர்வம். இரண்டாவது வகைக்குக் கைவந்த வசதிகள் எதுவும் (விக் நழுவுவது, குரல் மாறுவது, கதவுக்குப் பின்னால் உடை மாற்றுவது) இங்கே உதவாது.

கனடாவின் கிட்ஸ் இன் த ஹால் நகைச்சுவைக் குழு எந்த வகை என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அது முதல் வகை, ஆனால் மிக உயர்ந்த முறையில். ஐந்து ஆண்கள், பெண் பாத்திரங்களைக் கேலியாக்காமல் பெண்களாகவே நடித்தார்கள். ஆண் புடவை கட்டியதே ஜோக் என்று அங்கே ஒருபோதும் நிற்காது. வேடம் போடுகிற யாரும் அவர்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, மதியம் 1.05

எழுதும் முறை.

ஸ்கெட்ச்சின் அலகு ‘கவை’. பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று கேட்பவர் நம்பும் கேள்விக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஏழு அல்லது எட்டுக் கவை போதும். ஒவ்வொன்றுக்கும் 30 முதல் 40 நொடி. பன்னிரண்டு வைத்தால் வினாடி வினா ஆகிவிடும். நான்கு வைத்தால் நடுவில் தொய்யும்.

வரிசை முக்கியம். மரியாதையில் தொடங்க வேண்டும் (சாரா, மேடமா). அடுத்து ஒரு நடைமுறைத் தேவை (எந்த வரிசை, எந்த மாடி, எந்தப் படிவம்). பிறகு குடும்பம். கடைசியில், கேட்டவரே கூச்சப்படும் கேள்வி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் கேட்கிறவர் முதலிலேயே அநாகரிகமானவராகத் தெரிவார். பார்வையாளர் அவரோடு சேர மாட்டார்கள்.

எழுதிய பிறகு மூன்று வாசிப்பு. முதல் வாசிப்பில் பாத்திரம் ஆண் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் பெண் என்று. ஒன்றுக்கு மட்டுமே பொருந்துகிற வரி வெளியே போகட்டும். மூன்றாவது வாசிப்பில் ஒவ்வொரு பதிலிலும் நின்று, சாதாரண ஆள் இங்கே தானாகவே உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் பதிலில் கைவைக்காமல் கேள்வியை மாற்றுங்கள்.

சாய்வையும் எண்ண வேண்டும். ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். தொடர்ந்து மூன்று பதில் ஒரே பக்கம் சாய்ந்தால் பார்வையாளர் மனதில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அப்புறம் சிரிப்பு வராது.

பதில் வரும் நேரத்தில் போன் அடிப்பது, மின்சாரம் போவது எல்லாம் ஒரு தடவைக்கு மேல் கூடாது. அங்கே ரகசியத்தைக் காப்பது எழுத்தாளர். பாத்திரத்துக்கு அதில் வேலையே இல்லை.

ஜூன் 4, மாலை 6.30

உடையைப் பாதி வேலை என்று சொல்லிவிட்டு அப்படியே விடக்கூடாது.

பேட்டுக்குக் குட்டைச் சுருள் கறுப்பு விக், தடித்த சட்டமிட்ட கண்ணாடி, வெளிர்நீலச் சட்டை, பழுப்புக் கால்சட்டை. உள்ளே, உடலைப் பருமனாக்கும் அடைப்பு. இந்த அடைப்பு வயிற்றுக்கு மட்டும் வைத்ததில்லை. மார்பு, இடை, இடுப்பு மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தூரத்திலிருந்து நாம் ஒருவரைப் பிரித்தறிவது பெரும்பாலும் அந்தக் கோட்டை வைத்துத்தான்.

நம் ஊரில் செய்தால் கவனிக்க வேண்டியவை: ஆண் சட்டைக்குப் பொத்தான் வலப்பக்கம், பெண் சட்டைக்கு இடப்பக்கம். முன்வரிசைக்குத் தெரியும். பொத்தான் பட்டை மூடிய சட்டையோ தலைவழியாகப் போடும் ஜிப்பாவோ நல்லது. கழுத்துப் பட்டி மூடியிருந்தால் குரல்வளை மேடு பிரச்சினை தீர்ந்தது. தடித்த கண்ணாடிச் சட்டம் புருவத்தை மறைக்கும். காது குத்தியிருந்தால் தோடு வேண்டாம், துளையைப் பசையால் அடைத்துவிடுங்கள். நெற்றியில் திருநீறு மட்டும். குங்குமம் வைத்தால் அளவும் இடமும் காட்டிக்கொடுக்கும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டுவது பெண்கள் பக்கம் சாயும். இன்னொரு பக்கச் சாய்வு தேவைப்படும்போது சட்டைப்பையில் ஒரு பேனா.

ஜூன் 5, காலை 8.20

குரல். சராசரி ஆண் பேச்சு 85 முதல் 180 ஹெர்ட்ஸ், பெண் பேச்சு 165 முதல் 255 ஹெர்ட்ஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2019இல் பால் தெரியாத கணினிக் குரலாக ‘கியூ’ என்ற ஒன்றை உருவாக்கியபோது 145 முதல் 175 ஹெர்ட்ஸுக்குள் வைத்தார்கள். போனில் சுருதி காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்த எல்லைக்குள் பேசிப் பழகலாம்.

ஆனால் சுருதி மட்டும் போதாது. தொண்டைக்குழியின் அதிர்வும் ஆளைக் காட்டும். ஸ்வீனி மூக்கால் பேசி, இடையிடையே முனகல் சேர்த்து அதை மூடினார். தமிழில் இதற்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: வாக்கிய முடிவில் இழுப்பது. ‘வாங்களேன்…’ என்று கடைசி எழுத்தை ஏற்றி இழுத்தால் சுருதி சரியாக இருந்தாலும் பெண் என்றே காதில் விழும். தட்டையாக முடியுங்கள்.

ஜூன் 5, இரவு 10.10

இனி உங்கள் கேள்வி: வினைமுற்று.

மொழிகளை வைத்துப் பார்த்தால் ஆங்கிலம் அவ்வளவு எளிதும் இல்லை. ஒருவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசினால் பெரும்பாலும் ஹீ அல்லது ஷீ வந்துவிடும். அதனால்தான் அந்த மாதிரி ஸ்கெட்ச்சில் பெரும்பகுதி நேருக்கு நேர் பேச்சாக இருக்கும். நான், நீ இரண்டிலும் பால் கிடையாது. எபிரேயத்தில் ‘நீ’ என்பதிலேயே பால் உண்டு, அங்கே முதல் வரியே சிக்கல். ஃபின்னிஷில், துருக்கியில் அவன், அவள் என்ற வேறுபாடே இல்லை; பிரதிப்பெயரை வைத்து ஜோக் பண்ணவே முடியாது.

தமிழ் நடுவில் நிற்கிறது. தன்மையிலும் முன்னிலையிலும் பால் இல்லை. டா, டி இரண்டையும் விலக்கினால் போதும். ஆகவே பாத்திரம் தன்னைப் பற்றிப் பேசும் எந்த வரியும் பாதுகாப்பானது. ஆபத்து, மற்றவர்கள் பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போதுதான். அங்கே ‘அவர் வந்தார்’ என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

ஜூன் 5, இரவு 11.50

மேலே கடைசியில் எழுதியது தவறு. எழுத்துத் தமிழுக்கு மட்டும்தான் அது பொருந்தும். மேடையில் பேச்சுத் தமிழ். பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் பெரும்பாலான இடங்களில் ஆண்தான். பெண்ணுக்கு ‘அவங்க வந்தாங்க’. ஆணுக்கும் மரியாதையாக ‘அவங்க’ சொல்வதுண்டு. எனவே பேச்சில் பொதுவான சொல் அவங்க. யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் கடினம்: மரியாதையாகச் சொன்னாலும் அவர், அவா என்று பிரிந்துவிடும்.

ஆனால் ஐந்து நிமிடமும் அவங்க, அவங்க என்று போனால் காதை உறுத்தும், பெண் பக்கம் சாயும். அதனால் பால் காட்டாத வினைகளைக் கலந்து போடுங்கள். தமிழில் அவை ஏராளம்.

எதிர்மறை: வரலை, சொல்லலை, சாப்பிடலை. (ஆனால் மாட்டான், மாட்டா காட்டிக்கொடுக்கும்; மாட்டாங்க பெண் பக்கம் சாயும்.)

வேண்டும், தெரியும், பிடிக்கும், பசிக்குது. எல்லாம் நான்காம் வேற்றுமையில். பாத்திரத்தின் பெயர் மணி என்றால்: ‘மணிக்குத் தெரியும்’, ‘மணிக்குக் காபி பிடிக்கும்’. முடியும் மட்டும் மூன்றாம் வேற்றுமையில்: ‘மணியால முடியும்’.

வரணும், வரலாம், வரட்டும், வரக்கூடாது.

வந்தாச்சு, கிளம்பியாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு.

ஒரு நிமிடம் முழுக்க இப்படியே பேசினாலும் யாருக்கும் செயற்கையாகத் தெரியாது. அலுவலகங்களில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது.

‘அந்த ஆளு’ வேண்டாம். இலக்கணப்படி பொதுச்சொல், காதுக்கு ஆண். ‘அது’ வேண்டவே வேண்டாம். குழந்தைக்குச் சொன்னால் கொஞ்சல்; வளர்ந்தவருக்குச் சொன்னால் அவமதிப்பு. திருநங்கைகளை நோக்கி நம் நகைச்சுவைக் காட்சிகள் பல வருடம் எறிந்த சொல் அது. உங்கள் ஸ்கெட்ச்சில் மிக மோசமான பாத்திரத்தின் வாயிலும் அதை வைக்காதீர்கள்.

ஜூன் 6, காலை 6.45

பெயர். பேட், கிறிஸ் இரண்டும் ஆங்கிலத்தில் இருபாலுக்கும் உரியவை. பேட்டின் காதல் துணையின் பெயரும் கிறிஸ், அதுவும் தெளிவில்லை. அதே நிகழ்ச்சியின் நடிகர் டேனா கார்வி அதை நடித்தார், பேட்டை வைத்து எடுத்த திரைப்படத்திலும் அவரே.

தமிழில் மணி, அன்பு, தமிழ், கிருபா, தங்கம், செல்வம். தங்கம் என்றால் பெண் பக்கமும் செல்வம் என்றால் ஆண் பக்கமும் சற்றுச் சாயும். மணி என்பதே மிகச் சரியான எடை. மணிகண்டனாகவும் இருக்கலாம், மணிமேகலையாகவும் இருக்கலாம். ‘முழுப்பேர் என்னங்க?’ என்பது தானாகவே ஒரு கவையாகிவிடும். ‘எஸ். மணி. எஸ்ஸுக்கு அப்புறம் புள்ளி வைக்கணும், எப்பவும் விட்டுடறாங்க.’

ஜூன் 6, காலை 9.30

திருத்தம். திரைப்படத்தில் கிறிஸாக நடித்தது டேனா கார்வி இல்லை, டேவ் ஃபோலி. கிட்ஸ் இன் த ஹாலின் அதே டேவ் ஃபோலி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஜூன் 6, இரவு 8.00

தமிழுக்கே உரிய கவைகள். ஆங்கிலத்தில் கிடைக்காதவை இவை, எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

‘வீட்டுல’ என்ற சொல். கணவனையும் மனைவியையும் அதே சொல்லால் குறிப்போம்.
– உங்க வீட்டுல என்ன பண்றாங்க?
– எங்க வீட்டுல பேங்க்ல வேலை. சாயங்காலம் லேட்டாயிடும், அதனால சமையல் நான்தான்.
‘சமையல் நான்தான்’ பெண் பக்கம் சாய்கிறது. எனவே அடுத்த வரி எதிர்ப்பக்கம் போக வேண்டும்: ‘வண்டி எடுத்தா மார்க்கெட்டு பத்து நிமிஷம்’ என்பது போல. இருபாலருமே வண்டி ஓட்டுவதால் சாய்வு மெல்லியதாகவே இருக்கும்.

உடன்பிறந்தோர்:
– உங்க தம்பி உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?
– எங்கே கூப்பிடறான்? மாசக் கடைசியில பணம் வேணும்னாதான் போனே வரும்.

படிவம்: த/பெ என்பது மகனுக்கும் மகளுக்கும் ஒன்றே, பிரச்சினை இல்லை. க/பெ என்ற கட்டம் வந்தால்தான் மாட்டிக்கொள்வோம். எழுத்தர் பேனாவை த/பெ மேலும் க/பெ மேலும் மாற்றி மாற்றிக் கொண்டுபோவதே பேச்சில்லாத ஒரு கவை.

அதைவிடப் பெரியது நகரப் பேருந்து. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் டிக்கெட் கிழிக்கும் முன் முடிவெடுத்தாக வேண்டும். வாய்விட்டுக் கேட்க முடியாது. பின்னால் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.
– காசு டிக்கெட்டுங்களா, காசில்லாத டிக்கெட்டுங்களா?
– காசில்லாம குடுத்தா வேண்டாம்னு யாரு சொல்லுவா?
– இல்ல, லேடீஸ் சீட்டு இந்தப் பக்கம்…
– ரொம்ப நன்றிங்க. எனக்கு ஜன்னலோரம்தான் ஒத்துக்கும்.
இடம் கொடுத்ததற்கு நன்றியா, தகவல் சொன்னதற்கு நன்றியா? நடத்துநருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஜூன் 7, காலை 10.15

பேருந்துக் கவையில் ஒரு ஓட்டை. கட்டணமில்லாப் பயணம் திருநங்கைகளுக்கும் உண்டு. ஆக ‘இரண்டில் ஒன்று’ என்று நடத்துநர் நினைப்பதே தவறு. 2014இல் மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல படிவங்களிலும் மூன்றாவது கட்டம் வந்துவிட்டது. பேட் எழுதப்பட்ட 1990 வேறு காலம். கட்டம் இரண்டுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத நேரம்.

இதனால் ஸ்கெட்ச் செத்துவிடவில்லை. நடத்துநரின் தவிப்பை இப்படி மாற்றலாம்: இருவருக்கு இலவசம், ஒருவருக்குக் காசு என்று மனக்கணக்குப் போட்டு, இலவசம் என்ற முடிவுக்கே வருகிறார். அந்த நேரம் பார்த்து மணி பத்து ரூபாயை நீட்ட வேண்டும்.

ஜூன் 7, இரவு 9.20

முதல் நாள் எழுதியதில் ஒரு விஷயத்தை மறுபடி யோசித்தேன். சிரிப்பு கேள்வி கேட்கிறவர்மேல்தான் விழுகிறது என்ற எண்ணத்தில்தான் எல்லாவற்றையும் எழுதினேன். பேட்டில் அது பாதி உண்மைதான். எச்சில் ஒழுகுவது, ஒட்டி நிற்பது, முனகுவது எல்லாம் பேட்டின் உடலை அருவருப்பாகக் காட்டின. ‘தெரியவில்லை’ என்பதோடு ‘பார்க்கச் சகிக்கவில்லை’ என்பதும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒரு பாட்டு வேறு, இவர் ஆணா பெண்ணா என்று. ஆட்டத்தின் விதியைச் சில நொடியில் சொல்லிவிட அது நல்ல உத்தி. ஆனால் தெருவில் போகும் ஒருவரைச் சுட்டிப் பாடவும் அதே பாட்டு வசதியாகிவிட்டது.

2019இல் ஷோடைம் என்ற அமெரிக்கச் சேனலில் வந்த ஒர்க் இன் பிராக்ரஸ் தொடரில் அபி மெக்எனானி இதை நேராக எடுத்தார். பேட் என்று கேலி செய்யப்பட்ட ஒரு பெண்ணின் கதை. ஜூலியா ஸ்வீனியே அதில் ஸ்வீனியாக வந்து, அந்தக் காயத்தை முகத்துக்கு நேர் கேட்டுக்கொள்கிறார். தன் பாத்திரம் செய்த சேதத்தைக் கேட்க ஒரு நகைச்சுவை நடிகர் அப்படி வந்து உட்கார்ந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

எழுதுகிறவருக்கான விதி: பாத்திரத்துக்கு அழகான பழக்கங்களைக் கொடுங்கள். சுத்தமான உடை, நல்ல பேச்சு, வேலையில் கெட்டிக்காரத்தனம். மணி அந்த அலுவலகத்திலேயே திறமையான ஆளாக இருக்கட்டும். எல்லோருக்கும் மணியைப் பிடித்திருந்தும் இந்த ஒன்று தெரியாமல் தூக்கம் வராமல் தவிப்பவர் மட்டும் சிரிப்புக்கு உரியவர் ஆவார்.

ஜூன் 8, காலை 7.50

‘இதைக் குறும்படமாக, 40 நிமிடத்துக்கு நீட்டலாமா’ என்ற கேள்விக்கு: வேண்டாம். 1994இல் பேட்டை முழுப்படமாக எடுத்தார்கள், ஆடம் பெர்ன்ஸ்டைன் இயக்கம். மூன்று நகரங்களில் மட்டும் வெளியாகி, 60,000 டாலர் சொச்சம்தான் வசூல். கவைகளை அடுக்கினால் படமாகாது. 20ஆவது நிமிடத்தில் பார்வையாளருக்கு ‘சொல்லப்போவதில்லை’ என்று புரிந்துவிடும். அதற்கு மேல் பாத்திரத்துக்கு ஆசை, இழப்பு ஏதாவது வேண்டும். பேட்டின் பாலை அறியத் துடிக்கும் பக்கத்து வீட்டுக்காரன் பாத்திரம் (சார்லஸ் ராக்கெட் நடித்தது) சரியான யோசனைதான். அவனை நாயகனாக்கியிருந்தால் வேறு படமாகியிருக்கும்.

ஜூன் 8, மாலை 5.40

அரங்கத்துக்கு ஒரு குறிப்பு, முன்பே சொல்லியிருக்க வேண்டியது. சிரிப்பு மணியின் பதிலில் வராது, பதிலைக் கேட்டவர் முகத்தில் வரும். ஆகவே மணியை மேடை நடுவில், சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். கேட்பவர் முன்னால் ஓரத்தில். பதில் வந்ததும் அவர் மணியிடமிருந்து பார்வையாளர் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டு நொடி அசையக்கூடாது. மணிக்கு அந்த நேரத்தில் ஒரு சின்ன வேலை கொடுங்கள் (கண்ணாடி துடைப்பது, டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைப்பது). குழுவில் நல்ல நடிகர் ஒருவர்தான் என்றால் கேட்பவர் வேடத்தை அவருக்குக் கொடுங்கள்.

ஜூன் 9, இரவு 9.05

நீங்கள் அனுப்பிய இரண்டாம் வடிவத்தைப் படித்தேன். வினைமுற்றுகள் சுத்தம். மூன்று இடம் மட்டும்.

2ஆம் பக்கம், ‘மணியண்ணா வீடு எங்கே’ என்று பூக்காரம்மா கேட்பது தட்டச்சுப் பிழை என்று நினைக்கிறேன். ‘அண்ணா’வை எடுத்துவிட்டால் சரி.

4ஆம் பக்கம் தொடர்ந்து நான்கு பதில் ஆண் பக்கம். தம்பி கவையை அங்கிருந்து முதல் பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

கடைசி வரி. மணி இறங்கிய பிறகு ஓட்டுநர் ‘யாருப்பா அது?’ என்று கேட்கிறார், நடத்துநர் ‘போயிட்டாங்க’ என்கிறார். ‘அது’ இங்கே ஆளைக் குறித்தாலும் எடுத்துவிடுங்கள், ‘யாருப்பா இறங்கினது?’ போதும். நடத்துநருக்கு ‘போயிட்டாங்க’ பெண் பக்கம் சாய்கிறது. கையில் மிச்சமிருக்கும் பத்து ரூபாயைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்ல வேண்டியது: ‘இறங்கியாச்சு.’ பிறகு விசில்.